உங்கள் பெயருக்கு ஹனோவரில் மேளம்

உ

ஹனோவர்
24.8.1986

ரஞ்சினியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மற்றக் கடிதங்களில் முதலில் உங்கள் வயிற்றெரிவைப் பற்றி விசாரிப்பேன், பிறகு கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்பேன். இந்த முறை அதெல்லாம் பின்னுக்கு. தயவுசெய்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். நான் வென்றுவிட்டேன்.

எதில் வென்றேன் என்று தெரியாதமாதிரி நடிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதம் என் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நானும் பிள்ளையும் இங்கே வந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கொன்ட்ராக்ட் முடிந்தவுடன் வருவேன் என்று சொன்ன மனிதர் அதைப் புதுப்பித்துக்கொண்டு நைஜீரியாவிலேயே இருக்கிறீர்கள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதற்கு என்ன பதில் எழுதினீர்கள்? இபாடானில் தெருவில் இறங்கினால் பாண் விற்கிற பெண் முதல் பள்ளிவாசல் பெரியவர் வரை உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்களாம். விருந்துகளில் ஃபூஜி மேளக்காரன் உங்கள் பெயரைப் பாட்டில் வைத்துப் பாடுகிறானாம். ஜேர்மனியில் உங்களை ஒரு நாய்க்கும் தெரியாதாம். அங்கேயும் ஒருவன் ஃபூஜி மேளம் அடித்து உங்கள் பெயரைப் பாடுகிற நாளில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பீர்களாம், அதுவரைக்கும் வா வா என்று கரைச்சல்படுத்தக் கூடாதாம்.

நீங்கள் பகிடிக்கு எழுதியிருப்பீர்கள். வாசித்துவிட்டு இரண்டு நாள் நான் அழுதேன். மூன்றாம் நாள் எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு, சரி, பார்ப்போம் என்று சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லைக்கூட மாற்றாத ஆள் நீங்கள். ஒரு சொல்லை எழுத்தில் தந்தால் தப்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தேடத் தொடங்கினேன். முதலில் இசைத்தட்டுக் கடைக்குப் போய் ஃபூஜி வேண்டும் என்றேன். அந்தப் பெடியன் மிக மரியாதையாக, கமராவுக்குப் போடுகிற பிலிம் அடுத்த தெருவில் என்று கைகாட்டினான். பிறகு பஸ் தரிப்பிடத்தில் ஆபிரிக்க மேள மாலை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். ஆசை ஆசையாகப் போனேன். இபாடானில் விருந்துகளுக்கு உடுத்திய சேலையையே உடுத்திக்கொண்டு போனேன் என்றால் பாருங்கள். அங்கே ஜேர்மன்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையணைமேல் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தட்டுவது மற்றவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என்னையும் இருத்தி, மனதில் தோன்றுவதை அடியுங்கள் என்று ஒரு மேளத்தைத் தந்தார்கள். என் மனதில் தோன்றியதை அடித்திருந்தால் தோல் கிழிந்திருக்கும். மூலிகைத் தேநீர் தந்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல சனங்கள்தான், ஆனால் அந்த மேளத்துக்கு யாராலும் ஆட முடியாது.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்குப் புத்தி வந்தது. இபாடானில் எப்போதாவது விளம்பரம் பார்த்தா நாங்கள் ஃபூஜி கேட்கப் போனோம்? தெருவை மறித்துக் கூடாரம் போட்டுக் கதிரை அடுக்கினால் அன்றைக்கு அங்கே மேளம். பிள்ளைக்குப் பெயர் வைத்தால் மேளம், வீடு குடிபுகுந்தால் மேளம். அது மண்டபத்தைத் தேடிப் போகிற பாட்டு இல்லை, கொண்டாட்டத்தைத் தேடிப் போகிற பாட்டு. ஆகவே நான் பாட்டைத் தேடுவதை விட்டுவிட்டுக் கொண்டாட்டத்தைத் தேடினேன். அது என்னைத் தேடி என் தையல் மெசினுக்கே வந்தது.

தேவாலயத்து அம்மா ஒருத்தி தந்த பழைய மெசினில் நான் ஹைம் என்கிற இந்த அகதி விடுதியிலுள்ள எங்கள் பெண்களுக்குச் சட்டை தைக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. சித்திரை மாதம் ஃபோலாக்கே என்று இபாடான் பக்கத்து யொருபாப் பெண் ஒருத்தி வந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி. அவர்களுடைய தொளதொளத்த புபாச் சட்டையை இந்த ஊரில் தைக்கத் தெரிந்த ஒருவரும் இல்லையாம், அகதி முகாமில் ஒரு தமிழ்ப் பெண் தைப்பாள் என்று யாரோ சொன்னார்களாம். நான் யொருபாவில் நலம் விசாரித்தவுடன் அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. இபாடானில் நம் எதிர்வீட்டுத் தையற்காரியோடு நான் பொழுதைப் போக்குகிறேன் என்று எத்தனை தரம் பேசினீர்கள், நினைவிருக்கிறதா? அந்தப் பொழுதுதான் இப்போது எங்கள் வீட்டுக்கு யாம் கிழங்கும் செம்பனை எண்ணெயும் கொண்டுவருகிறது.

ஆடி மாதம் ஃபோலாக்கே வைன் நிறத்தில் ஒரு லேஸ் துணி கொண்டுவந்தாள். அடுத்த கிழமை வேறொரு பெண் வந்தாள், அதே துணி. அதற்குப் பிறகு இன்னொருத்தி வந்து பையைத் திறந்தாள், அதே வைன் நிறம், அதே பூ. என் கை ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் ஒரே துணி எடுத்துத் தைத்தால் அவர்கள் ஒரு குடும்பமாகக் கொண்டாடப் போகிறார்கள் என்றுதானே அங்கே அர்த்தம். இத்தனை பேர் உடுத்துகிற கொண்டாட்டம் என்றால் மேளம் இல்லாமல் நடக்குமா?

ஃபோலாக்கே தன் சட்டையை எடுக்க வந்தபோது கேட்டேவிட்டேன். தன் தோழியின் தாயாருக்கு எழுபது வயதாகிறது என்றாள், அபெயோகூட்டாவிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கிறாராம். அல்ஹாஜி முரைனாவின் குழு வாசிக்கிறதாம். கிழமை நாட்களில் டயர் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆட்கள், சனிக்கிழமையில் ஃபூஜிக்காரர். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பந்தயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கைக்குழந்தை எழும்பிவிட்டது. இவ்வளவு நாளும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்னைப் பேசினாள், கட்டாயம் வரவேண்டும் என்றாள்.

ஆனால் அந்தத் துணி இல்லாமல் எப்படிப் போவது? வாங்க வசதி இல்லை, இனாமாகக் கேட்க எனக்கு மனம் இல்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் வெட்டித் தள்ளிய துண்டுகளை மட்டும் தருவீர்களா என்று கேட்டேன், தந்தார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டி எனக்கொரு சேலைச் சட்டை தைத்தேன். முதுகில் நிறையத் தையல், சேலைத் தலைப்பு மறைத்துவிடும். அதற்கு மேல் நீங்கள் தீபாவளிக்கு வாங்கித்தந்த கத்தரிப்பூச் சேலை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே நல்ல கொழுப்பாக இருந்தது.

தம்பி கணேசலிங்கத்துக்கு விஷயம் தெரிந்து ஒரு பிரளயம். அக்கா, உங்களுக்கென்ன விசரோ, சனம் என்ன கதைக்கும், அத்தானுக்கு நான் என்ன சொல்லுறது என்று துள்ளினான். அத்தானைக் கூப்பிடத்தான் போறன், வேணுமெண்டால் நீயும் வந்து காவலுக்கு நில் என்று சொன்னேன். வந்தான். கழுத்துப் பட்டி எல்லாம் கட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் தன்னுடைய கசெற் றெக்கோட்டரோடு வந்தான். சாட்சி இல்லாமல் நம்ப மாட்டீர்கள் என்று நான்தான் அதைக் கொண்டுவரச் சொன்னேன்.

சென்ற சனிக்கிழமை பின்னேரம், ஒரு தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபம். நல்ல வெயில், யன்னலெல்லாம் திறந்திருந்தன. உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் நான் தைத்த சட்டைகள்! தாயார் நடுவில் சிம்மாசனம்போல ஒரு கதிரையில் இருந்தார். நாங்கள் விழுந்து வணங்கினோம், அவர் என் சேலையைத் தடவிப் பார்த்து ஆசீர்வதித்தார். சோறும் பொரித்த வாழைக்காயும் வந்தன. மேளம் மட்டும் வரவில்லை. மூன்று மணி என்றவர்கள் ஆறு மணிக்கு ஒரு வான் வண்டியிலிருந்து சாமான் இறக்கினார்கள். தம்பி மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தான். எனக்கோ, இது அசல் ஃபூஜிதான் என்று அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

கித்தார் கிடையாது, எல்லாம் மேளந்தான் என்று தம்பிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். நோன்பு மாதத்தில் விடியற்புறம் சனங்களை எழுப்பப் பாடியதிலிருந்து வளர்ந்தது என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, தொடங்கிவிட்டார்கள். முதலில் அல்ஹாஜியின் குரல் தனியே, ஓதுகிறமாதிரி. பிறகு மணி கட்டிய சுரைக்குடுக்கை, பிறகு சின்ன மேளங்கள், பிறகு பெரிய மேளம் வந்து அடிவயிற்றில் இடித்தது. என் கால் என்னைக் கேட்கவில்லை. ஒன்றரை வருடம், ரஞ்சினியின் அப்பா. ஒன்றரை வருடம் இந்த ஊர்ப் படிகளில் சத்தம் வராமல் ஏறி இறங்கிப் பழகிய கால்.

இனித்தான் நான் செய்த முட்டாள்வேலை. அங்கே எல்லாரும் போய் ஃபூஜிக்காரரின் நெற்றியில் நோட்டு ஒட்டித்தான் தங்கள் பெயரைப் பாடுவிக்கிறார்கள். எனக்கு அது ஏலாது. ஆகவே எங்கள் முறைப்படி வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்துவோம் என்று ஒரு பட்டுச் சால்வை கொண்டுபோயிருந்தேன். கோயில் திருவிழாவில் பொன்னாடையோடு ஆள் வந்தால் தவிலும் நாதசுரமும் நிற்கும், வித்துவான் கைகூப்புவார், ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். நானும் சால்வையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் மேளம் நிற்கட்டும் என்று காத்து நின்றேன். ஃபூஜி எங்கே நிற்கிறது? ஒரு பாட்டு முடியாமலே மற்றப் பாட்டுக்குள் போகிறார்கள். எல்லாரும் என்னைச் சுற்றி ஆடுகிறார்கள், நான் நடுவில் கொடிமரம்போல நிற்கிறேன். தம்பி தூணுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டான். கை உளையத் தொடங்கியது. கடைசியில் ஃபோலாக்கே வந்து என் இடுப்பில் ஒரு தள்ளுத் தள்ளினாள், ஆடிக்கொண்டு போ என்றாள். ஆடிக்கொண்டே போய் அல்ஹாஜியின் தோளில் போர்த்தினேன்.

அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். சால்வையைத் தொட்டுப் பார்த்தார், சரிகைக் கரையைச் சனங்களுக்குத் தூக்கிக் காட்டினார், பாட்டை விடாமலே இது யார், யாருடைய மனைவி என்று பாடியபடி மைக்கை என் வாயடியில் நீட்டினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் பெயர் என் வாயால் வந்ததில்லை. இங்கே அகதி விசாரணையில் கணவர் பெயர் என்னவென்று கேட்டபோதுகூட கடதாசியில் எழுதித்தான் நீட்டினேன். பாபா ரஞ்சினி என்றேன். யொருபாப் பெண்களும் இன்னாரின் அப்பா என்றுதானே புருசனைச் சொல்வார்கள், ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இபாடானில் கணக்குப் படிப்பிக்கிற பாபா ரஞ்சினி என்று அல்ஹாஜி அழகாகப் பாடத் தொடங்கிவிட்டார்.

நான் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் உங்கள் முகம் கண்ணுக்குள் வந்தது. ரஞ்சினி என்று உலகத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை அப்பாக்கள், என் பெயரை எங்கே பாடினான் என்று கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் கேட்பீர்கள். இன்னொரு வருடம் கொன்ட்ராக்டைப் புதுப்பிப்பீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அல்ஹாஜியின் கையைப் பிடித்து மைக்கை இழுத்தேன். முதல்தரம் காற்றுத்தான் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டாந்தரம் சொன்னேன். பரராசசிங்கம்! மண்டபம் முழுக்கக் கேட்டது. வெளியே வாகனம் நிறுத்துகிற இடம் வரைக்கும் கேட்டதாம்.

அல்ஹாஜி அந்தப் பெயரை வாயில் போட்டுப் பார்த்துத் தடுமாறினார். அவருக்கு முன்னால், பேச்சைப் போலவே ஒலிக்கிற பேசும் மேளம் அடிக்கிறவர் பிடித்துவிட்டார். உடுக்குமாதிரி இடை ஒடுங்கிய மேளத்தை அக்குளில் இடுக்கி, கயிறுகளை நெருக்கியும் விட்டும், வளைந்த கோலால் உங்கள் பெயரைச் சொன்னார். மெல்ல ஏறி, ராச என்பதில் நின்று, சிங்கம் என்று இறங்கியது. உங்கள் அம்மா கூப்பிடுகிற அதே இழுவை. அந்த மேளத்திலிருந்து அல்ஹாஜி எடுத்துக்கொண்டார். பராராசா சிங்காமு என்று பாடினார், பின்பாட்டுக்காரர் பிடித்தார்கள், பிறகு மண்டபமே பிடித்துக்கொண்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த சிங்கம், எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்த சிங்கம், சிங்கமே உன் பெண்சாதி கூப்பிடுகிறாள், எழும்பி வா என்று அவர் பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார். எழுபது வயதுத் தாயார் கதிரையை விட்டு எழும்பி உங்கள் பெயருக்கு ஆடினார். நான் அழுதுகொண்டே ஆடினேன். இப்படி ஆடுவேன் என்று எனக்கே தெரியாது.

தம்பியின் கசெற்றை நம்ப வேண்டாம். நான் உங்கள் பெயரைச் சொன்னவுடன் ஐயோ அக்கா, அத்தானின்ர பேரைச் சொல்லிப்போட்டியள் என்று பதறி றெக்கோட்டரை நிறுத்திவிட்டான், மொக்கன். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுக் கழுத்துப் பட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினான், அதை அவன் உங்களுக்கு எழுத மாட்டான். அல்ஹாஜியின் ஆட்கள் தங்கள் மெசினில் முழுவதையும் பதிந்திருக்கிறார்கள். அதில் ஒரு பிரதி இந்தக் கடிதத்தோடு வருகிறது, லாகோசுக்குப் போகிற ஃபோலாக்கேயின் தமையன் நேரே உங்கள் கையில் தருவார். கேட்காமல் ஒளிக்கவும் ஏலாது, ஏனென்றால் இதே கசெற்றை இபாடானில் மொக்கோலாச் சந்தைக் கசெற் கடைகளிலும் போடுவார்களாம். உங்கள் மாணவர்கள் உங்களுக்கு முன்னமே கேட்டுவிடுவார்கள்.

மற்றச் செய்திகள். அக்காவின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆமி அடிக்கிற செல்லுக்குப் பயந்து எல்லாரும் சுன்னாகத்துக்குப் போய்விட்டார்கள், வீட்டில் பின் அறை மட்டும் மிச்சமாம், உயிர்ச்சேதம் இல்லை. ரஞ்சினி இரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். ஜேர்மன் தண்ணிபட்டபாடு, என்னை அலுவலகங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள்தான் கதைக்கிறாள். வகுப்பில் அப்பாவின் படம் கீறச் சொன்னபோது முதுகுப் பக்கத்தைக் கீறியிருக்கிறாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன், முகம் சரியாக வருகுதில்லை அம்மா என்றாள்.

இன்னொரு முக்கியமான விஷயம். எங்கள் ஆட்கள் கிழக்கு பேர்லின் வழியாக வருகிற பாதையை மூடப்போகிறார்கள் என்று எல்லாரும் கதைக்கிறார்கள். மாதக் கணக்கிலா கிழமைக் கணக்கிலா என்று ஒருவருக்கும் தெரியாது. மூடிவிட்டால் பிறகு நீங்கள் விரும்பினாலும் வர ஏலாது. எந்த விமானம், எங்கே இறங்குவது எல்லாம் தம்பி வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறான். விடுமுறை முடியட்டும், சோதனை முடியட்டும் என்று நாள் கடத்தாதீர்கள். இதற்குத்தான் நான் இவ்வளவு அந்தரப்பட்டேன்.

பொய் சொல்லி உங்களை அழைக்க மாட்டேன். இங்கே வந்தால் நீங்கள் ஆசிரியர் இல்லை. முதலில் வேலை செய்ய விடமாட்டார்கள், விட்டால் கோப்பை கழுவுகிற வேலைதான் கிடைக்கும். ஒரே அறை, மூன்று கட்டில், நடைபாதையில் குசினி. அலுவலகத்தில் இலக்கம் கூப்பிடும்வரை வாங்குப் பலகையில் இருக்க வேண்டும். அதெல்லாம் உங்களுக்கு அவமானமாக இருக்கும், எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தது. ஆனால் இரண்டு பேராக அந்த வாங்கில் இருப்பது வேறு, தனியே இருப்பது வேறு. எனக்கு நீங்கள் வேண்டும். இதை நான் இதுவரை எழுதியதில்லை, பெயரையே சொன்ன பிறகு இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்தச் சால்வை உங்கள் கலியாணச் சால்வைதான். கோபமென்றால் நேரில் வந்து பேசுங்கள்.

நேற்று ட்ராம் தரிப்பிடத்தில் நிற்கும்போது ஒரு நைஜீரியப் பெண் வீதியைக் கடந்து ஓடிவந்தாள். நான் அவளை முன்பின் கண்டதில்லை. கொண்டாட்டத்துக்கு வந்திருந்தாளாம், மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். எல்லா வீட்டிலும் அதே கதைதானாம், பரராசசிங்கம் எப்போது வருகிறார் என்று கேட்டாள். ட்ராம் வந்துவிட்டது, நான் சிரித்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவளை இனியும் காணுவேன். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
சுந்தரேஸ்வரி